லாரி பால் கறந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் காலையில் முதலில் தண்ணீர் குடிப்பது லாரிதான். நாங்களெல்லாம் அதற்குப் பிறகு. அப்பா பல் விளக்குவதற்கு முன்பே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், வண்டியின் நீண்ட மூக்கைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைத் திருகி வாய்வரை ஊற்றிவிட்டு, "குடிச்சிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். வண்டியை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்களைத்தான் சில நேரம் அப்படிச் சொல்வார்.

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. அப்பா பல வருடங்கள் அடுத்தவர் லாரிகளை ஓட்டிவிட்டு, கடைசியில் என்னைவிட வயதில் மூத்த ஒரு பழைய வண்டியைச் சொந்தமாக வாங்கியிருந்தார். முந்தைய முதலாளிகளின் பெயர்கள் பெயின்டுக்கு அடியில் மங்கலாகத் தெரியும். அதற்கு மேல் என் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லியிருந்தார். எழுதியவர் கணக்குத் தப்பி ஆரம்பித்ததால் என் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆனாலும் தெருவில் வேறு எந்தப் பிள்ளையின் பெயரும் ராணிப்பேட்டை வரைக்கும் போய் வந்ததில்லை. அந்த கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

பாதி பதனிட்ட தோலை ஆம்பூரில் ஏற்றி ராணிப்பேட்டையில் இறக்குவது அப்பாவின் தொழில். அம்மா 'கம்பெனி'க்குப் போனாள். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய அம்மாக்கள் கம்பெனிக்குத்தான் போனார்கள் என்பதால் அது என்ன கம்பெனி என்று நான் கேட்டதில்லை. உறவுக்காரர்கள் கேட்டால், ஷூ கம்பெனியில் தைக்கிற வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று அப்பா சொல்வார். குறிப்பாகப் பெரியப்பாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பெரியப்பா பாகாயத்தில் இருந்தார். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் அப்பாவை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். ஆபீஸ் உத்தியோகம், இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. நம் குடும்பத்தில் யாரும் தோல் பதனிடும் இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அதே தோலை லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம், அது தொழில். அதே தோலில் செய்த செருப்பைப் போட்டுக்கொள்ளலாம், அது நாகரிகம். உள்ளே போய் அதில் கை வைப்பதுதான் ஆகாது. இதில் இருந்த நுட்பம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை என்றாலும், அப்பாவுக்கு அண்ணன் வாக்கு வேத வாக்கு.

வண்டிக்கு மட்டும் அப்போது நேரம் சரியில்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதைத்தான் வருடக்கணக்கில் லாரியும் குடித்து வந்தது. மெக்கானிக் பாய் ஒருநாள் ரேடியேட்டருக்குள் விரலை விட்டு வெள்ளையாகச் சுரண்டி எடுத்துக் காட்டி, "இன்னாப்பா, உள்ள வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிச்சு வெச்சிருக்க" என்றார். பழையதை இறக்கிவிட்டு கூலன்ட் கலந்து ஊற்றச் சொன்னார். பச்சை நிறத்தில் டப்பாவில் வரும் சரக்கு. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் சேர்த்து ஊற்றினால் இன்ஜின் சூடும் ஏறாது, உள்ளே துருவும் பிடிக்காது என்றார்.

அப்பா டப்பாக்களை வாங்கிவந்தார். ஆனால் இதற்குப் போய் பாயைக் கூப்பிடுவதா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தண்ணீரை இறக்கித் தண்ணீர் ஊற்றுவதில் என்ன வித்தை இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஓவர்டைம் போயிருந்த நேரத்தில், தானே காரியத்தில் இறங்கினார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் அவர் ரேடியேட்டருக்கு அடியில் இருந்த குழாயைத் திறந்து பழைய தண்ணீரை இறக்கி முடித்திருந்தார்.

அடுத்து கூலன்டைக் கலக்க ஒரு பாத்திரம் வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். தோல் கம்பெனிகளில் மருந்து தீர்ந்த காலி கேன்களும் நீல டிரம்களும் இல்லாத வீடு அங்கே கிடையாது. குடிதண்ணீர் ஒரு கேனில், குளிக்கிற தண்ணீர் டிரம்மில், வெட்டிய பாதியில் கோழிக்குத் தவிடு, மற்ற பாதியில் கனகாம்பரச் செடி. பிள்ளை பிறந்தால் தொட்டில் வாங்குகிறோமோ இல்லையோ, ஒரு கேன் வாங்கிவிடுவோம். கொல்லைப்புறத்தில் மூடி போட்டு வைத்திருந்த ஒரு வெள்ளைக் கேனை அப்பா எடுத்துவந்தார். அதில் பச்சைச் சரக்கைக் கொட்டி, வீட்டிலிருந்த நல்ல தண்ணீரைச் சேர்த்து, மூடி ஒரு குலுக்குக் குலுக்கி, ரப்பர் குழாய் வைத்து ரேடியேட்டருக்குள் இறக்கினார். வேலை முடிந்ததும், "அரை மணி நேரம்கூட ஆவல" என்று என்னிடம் சொன்னார். நான் அப்போது ஓசூரில் இருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை.

பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பள்ளிகொண்டா பக்கத்தில் ஒருமுறை, மாதனூர் பக்கத்தில் ஒருமுறை சூட்டு முள் சிவப்புக்கு ஏறி, வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. இரண்டாவது முறை வேறொரு லாரியில் கயிறு கட்டித்தான் வீட்டுப் பக்கத்துக் காலிமனைக்கு இழுத்துவந்தார்கள். என் பெயர் இன்னொருவர் வண்டிக்குப் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே ஓடிப்போய் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாய் வந்தார். இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, கீழே ஒரு பெரிய அலுமினியப் பேசினை வைத்து அடிக்குழாயைத் திறந்தார். பச்சையாக வர வேண்டியது வெள்ளையாக வந்தது. வெள்ளை என்றால், டிகாக்‌ஷன் கம்மியாகப் போட்ட டீ மாதிரி, துரு கலந்த பால். மேலே நுரைகூட இருந்தது. பாய் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்து அப்பாவின் முகம் மாறியது.

இன்ஜினுக்குள் எண்ணெய் ஓடும் வழி வேறு, தண்ணீர் ஓடும் வழி வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறது. அது போய்விட்டால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து இப்படிப் பாலாகிவிடும் என்று பாய் சொன்னார். தகடு மட்டும் போயிருந்தால் மாற்றலாம். ஆனால் இரண்டு முறை இவ்வளவு கொதித்த பழைய இன்ஜினில் இரும்பே வெடித்திருக்கும் என்பது அவர் எண்ணம். "இறக்கிப் பாக்கணும். பாத்தாலும் நல்ல சேதி இருக்கும்னு தோணல" என்றார். எதையும் கூட்டிச் சொல்லாத மனிதர். அதனால்தான் அப்பா மறுபேச்சுப் பேசாமல் முன் சக்கரத்தின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பாவுக்குத் தகவல் முந்தின நாளே போயிருந்தது. பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வரும்போதே முடிவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் பழைய இரும்பு எடுப்பவர் வருவார், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியது, ராணிப்பேட்டையில் தெரிந்தவரிடம் அப்பாவுக்கு டிரைவர் வேலை சொல்லி வைத்தாயிற்று. "சொந்த வண்டி நமக்கு சரிப்படாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்று முடித்தார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தம்பிமேல் இருந்த உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலோடு லாரி போய்விட்டது என்பது எனக்குப் புரிந்தது. கேஸ் வெல்டிங் வைத்து என் பெயரை எந்த எழுத்தில் வெட்ட ஆரம்பிப்பார்கள் என்று யோசித்து எனக்கு அழுகை வந்தது.

அம்மா அதுவரை அடுப்படியில் இருந்தாள். வீட்டுக்காரரின் அண்ணன் வந்தால் கறி எடுக்காமல் இருக்க முடியுமா? மசாலா கூட்டிவிட்டு, மூவருக்கும் மோர் எடுத்துக்கொண்டு காலிமனைக்கு வந்தாள். அதே நேரத்தில் எதிர்வீட்டுப் பூனை ஒன்று எங்கிருந்தோ வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நேராகப் பேசினை நோக்கிப் போனது. பாலென்று நம்பித்தான் போகிறது என்று பாய்கூடச் சிரித்தார். அம்மா பூனையை விரட்டிவிட்டாள். ஆனால் விரட்டிய பிறகும் அங்கேயே நின்றாள்.

மோர்த் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து பேசினில் ஒரு விரலைத் தொட்டு முகர்ந்தாள். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு எந்தக் கேன்ல கலக்குனீங்க?"

"பின்னாடி மூடி போட்டு வெச்சிருந்தியே, வெள்ளைக் கேன்."

"கழுவுனீங்களா?"

அப்பா அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றதாக நினைத்ததாகவும், தண்ணீரோடு தண்ணீர்தானே என்று விட்டுவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னார். அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். அது தண்ணீர் இல்லை, எண்ணெய், இரண்டு லிட்டருக்குக் குறையாமல் இருந்தது, வெந்நீர் வைத்துக் கழுவ வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன் என்றாள். பிறகு பாய் பக்கம் திரும்பி, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, உள்ளே இருப்பது கேனில் இருந்த எண்ணெய்தான் என்றாள்.

பாய் மரியாதையான மனிதர். "தங்கச்சி, கேன்ல கெடந்த எண்ணெய்க்கு இவ்ளோ பால் வராதும்மா. இது இன்ஜின் ஆயில்" என்று பொறுமையாகச் சொன்னார்.

பெரியப்பாவும் அன்பாகத்தான் சொன்னார். "ஏம்மா, பாய் எத்தினி வருஷமா வண்டி பாக்கறாரு. ஷூ கம்பெனில ஒக்காந்து தைக்கற உனக்கு இதுல இன்னா தெரியும்? பேஜார் பண்ணாத. போய் கொழம்பப் பாரு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு மோர்த் தட்டு கனத்தது. யாராவது ஒரு டம்ளரையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்பதுதான் அப்போது என் கவலையாக இருந்தது. அம்மாதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் தைக்கல மாமா. டேனரில டிரம்முக்கு எண்ணெய் அளந்து ஊத்தறேன். ஏழு வருஷம் ஆச்சு. இந்த எண்ணெய் தெனம் என் கையிலதான் படுது."

எங்கள் அம்மாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் அப்படியொரு வேலை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்த டிரம் எங்கள் வீட்டு நீல டிரம் மாதிரி இல்லை, மரத்தில் செய்தது, இரண்டு ஆள் உயரம், தோலோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று பிற்பாடுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பதனிட்ட தோல் விறைத்துப் பலகை மாதிரி ஆகிவிடாமல் இருக்க அதற்குள் ஒரு எண்ணெய் ஊற்றுவார்கள். மீன் எண்ணெய் சேர்த்துச் செய்வது. மற்ற எண்ணெய் போல மிதக்காமல், தண்ணீர் பட்டதும் பாலாகிக் கரைந்து தோலுக்குள் இறங்கிவிடும். அம்மாவின் கை தெருவிலேயே யாருக்கும் இல்லாத அளவு மிருதுவாக இருந்ததற்கும் அதுதான் காரணம். நான் அது அம்மாவுக்கென்றே சாமி கொடுத்தது என்று நினைத்திருந்தேன்.

பெரியப்பா என்ன சொல்வார் என்று அம்மா காத்திருக்கவில்லை. இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் தரச் சொல்லி பாயிடம் கேட்டாள். கம்பியில் இருந்த கறுப்பு எண்ணெயை இடது உள்ளங்கையில் தடவிக்கொண்டாள். பேசினில் இருந்ததை வலது உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். என்னைச் சொம்பில் நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் மோர்த் தட்டை மண்ணிலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

இரண்டு கையையும் நீட்டி, "ஊத்து" என்றாள். ஊற்றினேன். இடது கையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது, கறுப்பு அப்படியே நின்றது. வலது கையிலிருந்து பால் வழிந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். தேய்க்காமல் சோப்புப் போடாமல் கை பளிச்சென்று ஆகிவிட்டது. ஒன்றும் விளக்கிச் சொல்லாமல் அந்த இரண்டு கையையும் அம்மா பாய் முன்னால் நீட்டியபடி நின்றாள்.

பாய் வலது கையை முகர்ந்து பார்த்தார். பேசினுக்குப் போய் அங்கேயும் முகர்ந்தார். ஆயில் கம்பியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பால் கலப்பே இல்லை. தொழிலில் பேர் எடுத்த ஒரு மனிதர், தெருவே வேடிக்கை பார்க்க, தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வதை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். "தங்கச்சி சொல்றதுதான் நாயம். மீன் கவுச்சி அடிக்குது. பூனைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவரை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் காலிமனை அம்மாவின் கைக்கு வந்தது. பாய் போர் தண்ணீர்க் குழாயை ரேடியேட்டருக்குள் விடப் போனார். அம்மா வேண்டாம் என்று தடுத்தாள். உப்புத் தண்ணீர் பட்டால் இந்த எண்ணெய் திரிந்துவிடும், தயிர் மாதிரிக் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஒட்டிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. உப்பில்லாத தண்ணீர் வேண்டும், அதுவும் சூடாக வேண்டும். உப்பில்லாத தண்ணீர் என்றால், வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வரும்போது நாங்கள் பிடித்து மூடி வைத்திருக்கும் குடிதண்ணீர்தான். இன்னும் நான்கு நாள் அதில்தான் ஓட்ட வேண்டும். அம்மா அத்தனையையும் கொண்டுவரச் சொன்னாள். போதாததற்கு எதிர்வீட்டிலும் கேட்டு வாங்கினாள். வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றினாள். குழம்புச் சட்டி உள்ளே இறக்கி வைக்கப்பட்டது.

சூட்டையும் அவளேதான் பார்த்தாள். தெர்மாமீட்டர் கிடையாது. கையை விட்டு, பொறுக்க முடிகிற சூட்டுக்கு ஒரு பிடி ஜாஸ்தி இருக்கும்போது, "இப்ப" என்பாள். பாய் ஊற்றுவார். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவார். ஆறவிட்டு இறக்குவார்கள். டிரம் கழுவுவதும் இப்படித்தான், அவசரப்பட்டால் மறுநாள் தோல் காட்டிக்கொடுத்துவிடும் என்றாள். முதல் தடவை டீ வந்தது. இரண்டாவது தடவை துணிசோடா கொஞ்சம் கரைத்து ஊற்றினார்கள், மோர் வந்தது. மூன்றாவது தடவை அரிசி களைந்த தண்ணீர். எனக்கு அது போதும் என்று தோன்றியது, பாய்க்கும் தோன்றியது. அம்மா ஒரு டம்ளரில் பிடித்து அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தண்ணி" என்றாள். பாய், அவ்வளவு பெரிய மெக்கானிக், வாயைத் திறக்காமல் மறுபடியும் அடிக்குழாயை மூடப் போனார்.

இறக்கியதைச் சாக்கடையில் விடவும் அவள் விடவில்லை. கூலன்டை நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும் என்று பாய் சொன்னதைக் கேட்டு, எல்லாவற்றையும் டிரம்மில் பிடித்து மூடி போடச் சொன்னாள். எதிர்வீட்டுப் பூனைக்கு அன்று எத்தனை உபகாரம் நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

அப்பா அன்று பேசியது மிகக் குறைவு. "அதைக் குடு", "மூடிட்டேன்", "போதுமா?" இவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்வியை அவர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். பெரியப்பா இதற்கு நடுவில் எப்போதோ ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். அம்மா அடுப்பை விட்டு எழுந்து ஓடிப்போய், "சாப்ட்டுப் போங்க மாமா" என்றாள். "வேலை இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினார். பழைய இரும்புக்காரரை வரச் சொல்லி ஏமாந்துவிட்டாரே, அந்தச் சங்கடம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அவர் பங்கு கறியும் எனக்கே வந்ததால் அவர் போனதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்த பொங்கலுக்கும் அதற்கடுத்த பொங்கலுக்கும் அவர் வராதபோதும், அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோடு எதையும் சேர்த்து எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

மாலை நான்கு மணிக்கு, நன்றாகக் கழுவிய எவர்சில்வர் அண்டாவில், பாய் புதிதாக வாங்கிவந்த கூலன்டைக் கொட்டி, மிச்சமிருந்த குடிதண்ணீரை அளந்து கலந்தார்கள். இந்த முறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்து, பச்சை பச்சையாகவே இருந்தது. மெதுவாக ஊற்றினார்கள். மூடியைப் போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, மேல் ரப்பர் குழாயை பாய் கையால் பிசைந்து பிசைந்து விட, உள்ளே அடைந்திருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியே வந்தது. மட்டம் இறங்க இறங்க நிரப்பினார்கள். கடைசியில் குமிழ் நின்றது. அப்பா மூடியைத் திருகினார். எல்லோரும் கேபினுக்குள் தலையை விட்டுச் சூட்டு முள்ளையே பார்த்தோம். அது ஏறியது, நடுவுக்கு வந்தது, நின்றது. ஒரு மணி நேரம் வண்டியை அணைக்காமல் வைத்துப் பார்த்தோம். முள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அம்மா அப்போது அங்கே இல்லை. குழம்பைச் சூடு பண்ணப் போயிருந்தாள். தெருவில் நிற்கிற எல்லோரையும் பார்த்து, இது என் அம்மா, என் அம்மா என்று கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. ஒருவர் முகர்ந்து பார்த்தே ஒரு லாரியைக் காப்பாற்ற முடியும் என்றால், படிப்பெல்லாம் எதற்கு என்றுகூட நினைத்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும், டீச்சரிடமும், எங்கள் அம்மா டேனரியில் எண்ணெய் ஊற்றுகிறாள் என்று சொல்லித் தீர்த்தேன். சிலர் மூக்கைச் சுளித்தார்கள். அவர்கள் வீட்டில் லாரி இல்லாத பொறாமை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு அழுகையில்தான் விடிந்தது. பழைய இரும்புக்காரர் வந்து, வண்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துத் திரும்பிப் போயிருந்தார். அம்மா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். மெயின் ரோட்டைத் தாண்டி, எங்கள் தெருக்காரர்கள் யாரும் நிற்காத ஒரு திருப்பத்தில் அவளுக்கு வேன் வரும். அப்பா லாரியை ஸ்டார்ட் செய்து வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறு" என்றார். "வேன் வந்துடும்ங்க" என்றாள் அம்மா. "ஏறு" என்று மறுபடியும் சொன்னார். நானும் புத்தகப் பையோடு ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தேன். அப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டு, "இன்னைக்கு எடம் இல்ல" என்றார். லாரி போய்விட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று என்ன நடந்தது என்பதை, அம்மாவோடு வேலை செய்த ஒரு அக்கா பல வருடம் கழித்து என் கல்யாணத்தில் சொல்லித்தான் கேட்டேன். ஷிப்ட் மாறும் நேரம், டேனரி கேட்டில் நூறு பேர் நிற்கிறார்கள். லாரி ஒதுங்கவில்லை. நேரே கேட்டின் முன்னால் வந்து நின்றது. அப்பா ஹாரன் அடித்தார். இறங்கிச் சுற்றிவந்து, அந்தப் பக்கக் கதவைத் தானே திறந்து, அம்மா இறங்கும்வரை சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், பெரியப்பாவுக்குச் சேதி கொண்டுபோகக் கூடியவர்கள், எல்லோரும் பார்த்தார்கள். அவள் உள்ளே போய் மறையும்வரை அவர் வண்டியில் ஏறவில்லையாம்.

அந்த லாரியின் கேபினில் ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். இடம் இல்லை என்று அப்பா என்னிடம் எதற்காகப் பொய் சொன்னார் என்று புரியாமல், அன்று இரவு வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.